அரசருக்குப் பாஸ்போட் வேண்டாம்

இதிலை ஆரும் இருக்கினமோ பிள்ளை? இல்லையே? அப்ப இருக்கிறன். அந்தப் பையைக் கொஞ்சம் அங்காலை தள்ளுங்கோ. ஓம், காணும். முழங்கால் சரியில்லை, பஸ்ஸின்ரை மேல்தட்டுக்கு ஏறேலாது.

இப்ப போனிலை "ஓம் அம்மா, வைக்கிறன்" எண்டு சொன்னது நீங்கள்தானே? அப்பவே பிடிச்சிட்டன், எங்கடை ஆள் எண்டு. ஊரிலை எந்த இடம்? சரி சரி, சொல்லவேண்டாம். நான் சும்மா கேட்டனான். முன்பின் தெரியாத ஆளுக்கு ஊர்பேர் சொல்லாமல் இருக்கிறது நல்ல பழக்கம்தான். கழுத்திலை தொங்கிறது என்ன அட்டை? ஆஸ்பத்திரியோ? நேர்ஸோ? ஒருக்கால் திருப்பிப் பிடியுங்கோ. ம்ம், படம் உங்கடைதான். கோவிக்காதேங்கோ. பதினெட்டு வருசம் கடைவாசல்லை செக்யூரிற்றியா நிண்டவன் நான். ஆரின்ரை கை எந்தப் பக்கற்றுக்கை போகுது எண்டு பாத்துப் பாத்தே கண் பழகிப்போச்சு. வீட்டிலை மனிசி தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சாலும், ஏன் இண்டைக்கு வேளைக்கு வைக்கிறா எண்டுதான் முதல் யோசிப்பன்.

ஏன் கோட்டும் கழுத்திலை ரையும் எண்டு பாக்கிறியள் என்ன? ஒரு இடமும் போகேல்லை. அறுபது தாண்டினால் பஸ் சும்மாதானே. ஏறி அந்த முனைமட்டும் போறன், இறங்கித் திரும்பி இந்த முனைமட்டும் வாறன். இது மூண்டாவது தரம். இந்தப் பஸ் நகரமண்டபத்துக்கு முன்னாலை போகும், அவ்வளவுதான். வேறை ஒண்டுமில்லை.

சரி, உங்களுக்குச் சொன்னால் என்ன. நீங்கள் இனி என்னைக் காணப்போறேல்லை. அந்த நகரமண்டபத்திலைதான் இண்டைக்கு ரண்டரைக்கு என்ரை மகளின்ரை எழுத்து. ஓம், கலியாண எழுத்துத்தான், பதிவுக் கலியாணம். ஒரே பிள்ளை. ஆரணி எண்டு பேர். நான் போகேல்லை. ஏன் எண்டு கேளுங்கோ. வரவேண்டாம் எண்டு எழுதிப்போட்டாள். பெத்த தகப்பனுக்கு, போனிலை, இங்கிலீசிலை எழுதிப்போட்டாள். "அப்பா, யூ டோன்ற் ஹாவ் ரு கம்." நேர்ஸுக்குப் படிச்ச பிள்ளைக்கு நான் அர்த்தம் சொல்லத் தேவையில்லை. ஹாவ் ரு எண்டால் வேணும். டோன்ற் எண்டால் இல்லை. வரவேண்டாம்.

ஏன் ஒரு மாதிரிப் பாக்கிறியள்? என்ரை இங்கிலீசிலை உங்களுக்குச் சந்தேகமோ? நான் வகுப்புக்குப் போனவன் பிள்ளை. மாசியிலையிருந்து, செவ்வாயும் வியாழனும், நூல்நிலையத்து மேல்மாடியிலை. மனிசியும் மகளும் எப்பவோ பிரஜாவுரிமை எடுத்திட்டினம். நான்தான் எடுக்காமல் இருந்தது. ஏன் எடுக்கேல்லை எண்டால், அந்த விண்ணப்பத்திலை முப்பத்தெட்டுக் கேள்வி. முப்பத்தெட்டுக் கேள்வி ஏன் ஒரு மனிசனைக் கேக்கவேணும் சொல்லுங்கோ. கடைசியிலை மனிசி தானே என்ரை பேரைப் பதிஞ்சுபோட்டு, செவ்வாய்க்கிழமை சேட்டை அயன் பண்ணி வைச்சுப்போட்டு, "வெளிக்கிடுங்கோ" எண்டா.

படிப்பிச்சவ மிஸ்ஸிஸ் பிறையர் எண்டு ஒரு வெள்ளைக்காரி. தலை நரைச்சு, கம்பளிச் சட்டை போட்டு, சிரிச்சுக்கொண்டே இருப்பா. சிரிக்கிற ஆக்களிலை எனக்கு ஒரு கண். முதல் நாளே பலகையிலை அரசரின்ரை படத்தை ஒட்டிப்போட்டுக் கேக்கிறா: அரசர் என்ன செய்யலாம்? என்ன செய்யவேணும்? என்ன செய்யக்கூடாது? மே, மஸ்ற், கான், மஸ்ற் நொட் எண்ட சின்னச் சொல்லுகளைப் படிப்பிக்கிறதுக்கு உதுதான் வழியாம். நான் வாயே திறக்கேல்லை. எங்கடை ஊரிலை நாட்டை ஆளுறவன் என்ன செய்யக்கூடாது எண்டு ஒரு கூட்டத்திலை வைச்சு ஒருத்தர் கேட்டால், கேக்கிற ஆள் ஆர் எண்டு எங்களுக்குத் தெரியும். பக்கத்திலை இருந்த சோமாலியாக்காரி படபடவெண்டு மறுமொழி சொல்லுறா. மிஸ்ஸிஸ் பிறையர் அதைக் கொப்பியிலை எழுதுறா. ஏன் எழுதுறா? எங்கடை மறுமொழிக்குப் புள்ளி போடவாம். எனக்கு இண்டைவரைக்கும் அதிலை முழு நம்பிக்கை இல்லை.

ஆனால் பாடம் நல்ல பாடம், பொய் சொல்லக்கூடாது. இந்த நாட்டு அரசர் இருக்கிறாரே, பாவம் பிள்ளை அவர். பாராளுமன்றம் ஒரு சட்டத்தை எழுதிக் கொண்டந்து நீட்டினால் அவர் கையெழுத்து வைச்சே ஆகவேணும். அதுதான் மஸ்ற். ஒரு கட்சியை ஆதரிச்சு வாய் திறக்கக்கூடாது. அது மஸ்ற் நொட். கிழமைக்கு ஒருக்கால் பிரதமர் வந்து நடந்ததுகளைச் சொல்லுவார். அரசர் புத்தி சொல்லலாம், தட்டிக்குடுக்கலாம், கவனம் எண்டு எச்சரிக்கலாம். அதெல்லாம் மே. பிரதமர் கேக்கவேணும் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை. ஆனால் அரசரிட்டைச் சொல்லாமல் மட்டும் விடேலாது.

நான் வீட்டை வந்து மனிசியிட்டைச் சொன்னன், "தவமலர், உன்ரை ராச்சியத்திலை எனக்கு அதுவுமில்லை" எண்டு. பகிடிக்குச் சொல்லேல்லை. கரண்ட் பில்லிலை இருந்து காப்புறுதிவரைக்கும் எல்லாம் அவதான். சிவப்புப் பிஸ்கற் ரின் ஒண்டிலை கடுதாசிகளைப் போட்டு, பேனையையும் மேலை வைச்சு, "இதிலை ஒண்டு, இதிலை ஒண்டு" எண்டு விரலாலை காட்டுவா. நான் வைப்பன். அரசருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு சிவப்புப் பெட்டியிலைதான் கடுதாசி வருமாம். மிஸ்ஸிஸ் பிறையர் உதைச் சொன்னபோது நான் நிமிர்ந்து இருந்திட்டன். என்ரை வீட்டு விசயம் இவவுக்கு எப்பிடித் தெரியும்?

சின்னச் சொல்லு எண்டு நீங்கள் நினைக்கக்கூடாது பிள்ளை. சின்னச் சொல்லுத்தான் ஆளைக் கொல்லும். நான் இஞ்சை வந்தது தொண்ணூற்றொன்பதிலை. ஊரிலை கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரா இருந்தனான், பேர் தர்மகுலசிங்கம், குலம் எண்டுதான் எல்லாரும் கூப்பிடுறது. ஆரணிக்கு அப்ப மூண்டு வயது. வந்து இறங்கி, விசா கந்தோரிலை அகதி விசாரணை. "நீர் கொழும்பிலை போய் இருக்கலாம்தானே?" எண்டு கேட்டாங்கள். நான் சொன்னன், "போகலாம் ஐயா... போனால் உயிரோடை இருக்கேலாது." இடையிலை ஒரு மூச்சு விட்டனான், அவ்வளவுதான். மொழிபெயர்க்க வந்த மனிசனுக்கு என்ன அவசரமோ, அந்த மூச்சிலை வெட்டிப்போட்டார். "ஹி கான் கோ." இவர் போகலாம். மற்றப் பாதியை ஒருத்தரும் எழுதேல்லை. ஒரு 'லாம்' பிள்ளை, ஒரேயொரு 'லாம்'. அதைத் திருத்த எனக்கு ஆறு வருசம் போச்சு. மனிசியையும் பிள்ளையையும் கூப்பிட இன்னும் மூண்டு வருசம். அந்த மனிசனை நான் இருபத்தஞ்சு வருசமாத் திட்டிக்கொண்டிருக்கிறன். முழுசாக் கேக்காமல் பாதியோடை முடிவெடுக்கிறவனை விடப் பாவி இல்லை.

அந்த ஒன்பது வருசமும் ஞாயிற்றுக்கிழமையிலை போன் காட் வாங்கி ஊருக்குக் கதைப்பன். தாய் ரண்டு வசனம் கதைக்கமுந்திப் பிள்ளை பறிச்சுப்போடுவாள். "அப்பா, பிறந்தநாளுக்கு வருவியளோ?" எண்டு கேப்பாள். "வரலாம் பிள்ளை" எண்டுவன். "தீபாவளிக்கு?" "வரலாம்." வருவன் எண்டு நான் ஒருக்காலும் சொன்னதில்லை. பிள்ளைக்குப் பொய் சொல்லக்கூடாது பாருங்கோ. நான் நேர்மையான ஆள். கடைசி ரண்டு வருசம் அவளும் கேக்கிறதை விட்டிட்டாள். வளர்ந்திட்டாள், விளங்கியிருக்கும். பன்ரண்டு வயதிலை விமான நிலையத்திலை வந்து இறங்கி, எனக்குக் கை தந்தாள் பிள்ளை. கட்டிப்பிடிக்கேல்லை. பெரிய ஆக்கள் மாதிரிக் கை தந்தாள்.

அது போகட்டும். சித்திரையிலை ஒரு நாள் வீட்டை வாறாள். தாயும் மகளும் குசினிக்குள்ளை குசுகுசுக்கிறது கேக்குது. நான் தொலைக்காட்சியின்ரை சத்தத்தைக் குறைச்சன். குறைச்சவுடனை அவையும் குறைச்சிட்டினம். பேந்து வந்து எனக்கு முன்னாலை இருந்து சொல்லுறாள், "அப்பா, நானும் டானியலும் எழுத்து எழுதுறதா முடிவெடுத்திட்டம்." முடிவெடுத்திட்டம்! கவனியுங்கோ, எடுக்கலாமோ எண்டில்லை. எடுத்திட்டம். டானியல் எண்டால் வெள்ளைக்காரப் பெடியன், பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிக்கிறானாம். நான் சாதி மதம் பாக்கிற ஆள் இல்லை பிள்ளை. வெள்ளைக்காரன் எண்டதும் பறவாயில்லை. ஆனால் எனக்குச் சொல்லவேணுமோ இல்லையோ? அரசரிட்டையே சொல்லாமல் செய்யேலாது எண்டு இருக்கேக்கை, எனக்கு ஒரு வார்த்தை? மனிசிக்கு எல்லாம் முதலே தெரியும். எங்கடை வீட்டுப் பிரதமர் கையெழுத்துக்கு மட்டும் கடுதாசி நீட்டுறார்.

நான் என்ன சொன்னன் தெரியுமோ? மிஸ்ஸிஸ் பிறையர் சொல்லித் தந்தவ. சட்டத்துக்கு அரசர் சம்மதிச்சால், பாராளுமன்றத்திலை பழைய பிரெஞ்சிலை அரசர் விரும்புகிறார் எண்டு வாசிப்பினமாம். மறுக்கிறதெண்டால் மறுக்கிறார் எண்டு சொல்லமாட்டினமாம். அரசர் யோசிப்பார் எண்டு வாசிப்பினமாம். அதுதான் மரியாதையான மறுப்பு. முந்நூறு வருசத்துக்கு மேலை ஒரு அரசரும் அதைப் பாவிக்கேல்லையாம். நான் பாவிச்சன். "யோசிப்பம்" எண்டு சொல்லிப்போட்டு எழும்பிப் போட்டன். மூண்டு மாதம் யோசிச்சன். இடையிலை அவள் ஒரு கூட்டாளிப் பெட்டையோடை தனி வீட்டுக்குப் போட்டாள்.

அந்தப் பெடியன் ரண்டு தரம் வீட்டை வந்தவன். வந்தால் சும்மா இருக்கவேணும் என்ன? இல்லை. கேள்வி. "அங்கிள், ஊரிலை எந்த இடம்? எப்பிடி வந்தனீங்கள்? எந்த வருசம்?" நான் தவமலரைப் பாத்தன். அவ சிரிச்சுக்கொண்டு றோல்ஸ் நீட்டுறா. எந்த வருசம், எந்த வழி எண்டு இந்த நாட்டிலை என்னட்டைக் கேட்டவங்கள் எல்லாரும் கோப்போடை வந்தவங்கள். இவனிட்டைக் கோப்பு இல்லை, ஆனால் போன் இருந்தது, மேசையிலை குப்புற வைச்சிருந்தான். நான் எழும்பிப் போய் ஒரு துவாயை எடுத்து அதுக்கு மேலை போட்டன். ஆரணி அழுகிற மாதிரி வந்திட்டாள். ஏன் அழவேணும் எண்டு எனக்கு விளங்கேல்லை. ஒரு துவாய்தானே.

இனி முந்தநாள் கதைக்கு வாறன். வியாழக்கிழமை அவளின்ரை மெசேச் வருது. எனக்கு மனப்பாடம். "சனிக்கிழமை ரண்டரைக்கு எழுத்து. அப்பா, யூ மஸ்ற் கம். யூ மஸ்ற் சைன்." வரவேணும், சாட்சிக் கையெழுத்து வைக்கவேணும். மஸ்ற், மஸ்ற்! அண்டைக்குத்தான் வகுப்பிலை படிச்சிட்டு வாறன், மஸ்ற் எண்டால் கட்டளை, சட்டம், தப்பேலாது எண்டு. மகள் தகப்பனுக்குக் கட்டளை போடுறாள். அதுவும் எதுக்கு? கையெழுத்துக்கு. என்னைத் தேடேல்லை, என்ரை கையெழுத்தைத் தேடுறாள். எனக்கு வந்த கோவத்திலை தேத்தண்ணிக் கோப்பையை வைச்ச இடம் தெரியேல்லை.

என்ன? தமிழிலை நாங்களும் அப்பிடித்தானே சொல்லுறது எண்டுறியளோ? "நீங்கள் கட்டாயம் வரவேணும், நீங்கள்தான் கையெழுத்து வைக்கவேணும்"... ம்ம். அப்பிடி யோசிக்கேல்லை. வீட்டு வாசல்லை வந்து நிண்டு வெத்திலைத்தட்டை நீட்டிச் சொல்லுறது வேறை பிள்ளை. அதிலை முகம் இருக்கு. போனிலை முகம் எங்கை?

சரி, நான் மறுமொழி போட்டன். வடிவா யோசிச்சுத்தான் போட்டன். மஸ்ற் கீழை நிக்கிறவனுக்கு. மேதான் அரசரின்ரை சொல்லு. விரும்பினால் செய்யலாம், விரும்பாட்டில் விடலாம். "ஐ மே கம்." வரலாம். அனுப்பிப்போட்டுக் கால்மேலை கால் போட்டுக்கொண்டு இருந்தன். மறுமொழி வரேல்லை. அண்டு முழுக்க வரேல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் வந்தது. அதுதான் உது, போன் முகப்பிலை கிடக்கு பாருங்கோ. "அப்பா, யூ டோன்ற் ஹாவ் ரு கம்." வந்தால் வா, வராட்டில் விடு எண்டு கூட இல்லை. வராதை.

இல்லை, நான் அதைத் திறக்கேல்லை. திறந்தால் அந்த ரண்டு சரி அடையாளமும் நீலமாகும், வாசிச்சிட்டன் எண்டு அவையளுக்குத் தெரிஞ்சுபோகும். நான் ஒருத்தரின்ரை மெசேச்சும் திறக்கிறேல்லை. வெளியிலை தெரியிற முதல் வரியை வாசிப்பன், மறுமொழியையும் திறக்காமல் அங்கையே தட்டிவிடுவன், காணும். என்னத்துக்கு நான் எப்ப முழிச்சிருக்கிறன், எப்ப வாசிக்கிறன் எண்டு ஊருக்குச் சொல்லவேணும்?

இண்டைக்குக் காலமை தவமலர் ஏழு மணிக்கே சீலையும் பூவுமா மகளிட்டை வெளிக்கிட்டிட்டா. போகேக்கை சொல்லுறா, "கோட் கட்டில்லை இருக்கு. சப்பாத்து மினுக்கி வைச்சிருக்கிறன். ஒரு மணிக்கு வெளிக்கிட்டு நில்லுங்கோ." வேறை ஒண்டும் சொல்லேல்லை. மூண்டு மாதமா இந்தக் கதை எடுத்தால் நான் எழும்பிப் போறபடியாலை அவவும் கதைக்கிறதை விட்டிட்டா. அதென்ன சரியா ஒரு மணி? வரவேண்டாம் எண்டு மகள் எழுதுறாள், வெளிக்கிட்டு நில் எண்டு தாய் சொல்லுறா. ரண்டுக்கும் நடுவிலை என்னவோ இருக்கு. நான் எண்ணினன், என்னை ஒரு மணிக்கு வீட்டுக்குள்ளை நிப்பாட்டி வைக்கப் பாக்கினம்.

கோட்டைப் போட்டனான்தான். கட்டில்லை சும்மா கிடந்தது, போட்டுப் பாத்தன். ரையும் கட்டிப் பாத்தன். பேந்து திரைச்சீலையை விலக்கிப் பாத்தால், ஒரு மணிக்குக் கால்மணி கிடக்கு, எங்கடை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு நீலக் கார். உள்ளுக்கை ஆர்? டானியல்! கலியாண உடுப்போடை, கோட்டிலை பூவும் குத்திக்கொண்டு, மணிக்கூட்டைப் பாக்கிறான், எங்கடை கதவைப் பாக்கிறான், திரும்ப மணிக்கூட்டைப் பாக்கிறான். தன்ரை கலியாணத்தண்டு ஒரு மாப்பிளை மாமன் வீட்டு வாசல்லை காவல் நிப்பானோ? சொல்லுங்கோ. நான் வெளிக்கிட்டு வந்து அங்கை குழப்பம் செய்வனோ எண்ட பயம். என்னை வரவிடாமல் பாக்க ஆள் போட்டிருக்கினம். பதினெட்டு வருசம் வாசல் காத்த எனக்கு வாசல் காக்கிற ஆளைத் தெரியாதோ? குசினிக் கதவாலை இறங்கி, குப்பைத்தொட்டி வைக்கிற ஒழுங்கையாலை வந்து, இந்தப் பஸ்ஸைப் பிடிச்சிட்டன். போன் சத்தத்தையும் நிப்பாட்டிப்போட்டன்.

ஏன் சிரிக்கிறியள்? ... ஏன் பிள்ளை இப்ப கண் கலங்கிறியள்? என்ன ஆள் நீங்கள், சிரிக்கிறியள், அழுகிறியள். உங்களை அவள் அனுப்பினவளோ? உண்மையைச் சொல்லுங்கோ. தெரியாது? ஆரணி எண்டு ஆரையும் தெரியாது? சரி, நம்புறன். இப்போதைக்கு நம்புறன்.

என்ன? டோன்ற் ஹாவ் ரு எண்டால் வராதை எண்டில்லையோ? பின்னை? கட்டாயமில்லை... வரவேணும் எண்டு கட்டாயமில்லை. விரும்பினால் வரலாம். வராதை எண்டதுக்கு மஸ்ற் நொட்... நில்லுங்கோ, நில்லுங்கோ. இதையேதான் மிஸ்ஸிஸ் பிறையரும் சொன்னவ. இந்தா, என்ரை கோட்டுப் பைக்குள்ளை அந்தத் தாள் இருக்கு, மடிச்சு வைச்சிருக்கிறன், புள்ளி குறைச்சதுக்கு மேலிடத்துக்கு முறைப்பாடு எழுதலாம் எண்டு. ஏழாவது கேள்வி பாருங்கோ. அரசர் பாஸ்போட் வைச்சிருக்க... கோடு போட்ட இடத்தை நிரப்பவேணும். பாஸ்போட் குடுக்கிறதே அவரின்ரை பேரிலைதானாம், அப்ப அவருக்குப் பாஸ்போட் வேண்டாம்தானே? இந்த நாட்டுக்குப் பாஸ்போட் இல்லாமல் வரக்கூடிய ஆள் அவர் ஒருத்தர்தான் எண்டவ. நான் மனதுக்குள்ளை சொன்னன், நான் ஒண்டு, அவர் ஒண்டு. வேண்டாம் எண்டபடியாலை மஸ்ற் நொட் எண்டு போட்டன். சிவப்பு மையாலை வெட்டிப்போட்டா. வெட்டி, கீழை எழுதியும் விட்டிருக்கிறா, வாசியுங்கோ. "வைச்சிருக்கக்கூடாது எண்டில்லை, மிஸ்ரர் குலம். தேவையில்லை, அவ்வளவுதான்." நான் அண்டைக்கு எழும்பிச் சண்டை பிடிச்சனான். வேண்டாம் எண்டால் வேண்டாம்தான், அதிலை என்ன ரண்டு வேண்டாம் எண்டு கேட்டனான்.

ரண்டு வேண்டாம் இருக்கு என்ன? முதல் ஏறின உடனை நான் உங்களுக்குச் சொன்னனே, ஊர்பேர் சொல்லவேண்டாம் எண்டு. நான் சொல்லக்கூடாது எண்டு சொல்லேல்லைத்தான். விருப்பமில்லாட்டில் விடுங்கோ எண்டு சொன்னனான்.

அப்ப அவள்... கட்டாயமில்லை அப்பா எண்டிருக்கிறாள்.

இல்லை, திறக்கமாட்டன். திறந்தால் நீலமாகும். ஆகட்டும் எண்டுறியளோ? உங்களுக்கென்ன, சொல்லுவியள். அந்த முதல் வரிக்குப் பின்னாலை மூண்டு புள்ளி கிடக்கோ? எங்கை? கண்ணாடி இல்லாமல் எனக்குப் புள்ளியெல்லாம் தெரியாது. அப்பிடியெண்டால் இன்னும் இருக்கோ? பாதிதானோ நான் வாசிச்சது?

இந்தாங்கோ. நீங்களே திறவுங்கோ. வாசியுங்கோ, மெதுவா வாசியுங்கோ, பாதியிலை மட்டும் நிப்பாட்டாதேங்கோ.

"அப்பா, யூ டோன்ற் ஹாவ் ரு கம்... பை பஸ் வித் யுவர் பாட் லெக்." ஏலாத காலோடை பஸ்ஸிலை. பஸ்ஸிலை வரத் தேவையில்லை. ம்ம். "ஒரு மணிக்கு டானியல் வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வருவார். வேறை ஆரையாவது அனுப்பச் சொன்னன், தானே வரவேணும் எண்டு நிக்கிறார். உங்களோடை காரிலை தமிழிலை கதைக்க ஆறு வசனம் பாடமாக்கி வைச்சிருக்கிறார், சிரிச்சுப்போடாதேங்கோ." இன்னும் இருக்கோ? வாசியுங்கோ. "உங்கடை 'மே' எனக்குத் தெரியும் அப்பா. சின்னனிலை இருந்து தெரியும். ஒன்பது வருசம் கேட்டனான். அதாலைதான் இந்த முறை காத்துக்கொண்டு இருக்காமல் ஆள் அனுப்புறன்."

ஒருக்கால் பொறுங்கோ பிள்ளை. கண்ணாடியைத் துடைக்கவேணும். ஓம், கண்ணாடி போடேல்லைத்தான். கண்ணைத்தான் துடைக்கவேணும்.

அந்த மொழிபெயர்ப்பாளரை நான் இருபத்தஞ்சு வருசம் திட்டினனான் பிள்ளை. பாதியிலை வெட்டிப்போட்டான் பாவி, பாதியிலை வெட்டிப்போட்டான் எண்டு. நான் என்ன செய்திருக்கிறன் பாத்தியளோ.

எத்தினை மிஸ்ட் கோல்? பதினாலோ? ஆர், ஆரணியோ? ஒன்பது டானியலோ? அவன் இன்னும் அங்கையே நிக்கிறானோ? வேண்டாம், வேண்டாம், போகச் சொல்லுங்கோ அவனை, மாப்பிளை அங்கை நிண்டால் எழுத்து எப்பிடி நடக்கும்! மணி என்ன? ரண்டு பத்து. அடுத்த தரிப்பு எது? நகரமண்டபமோ? அதுக்கு முதல் ஒண்டு இருக்கே. சரி, ஒண்டுதானே.

அவளுக்கு ஒரு மெசேச் போடுங்கோ. எனக்கு எழுத்து ஓடாது. இல்லை இல்லை, மே போடாதேங்கோ. கடவுளே, அதைமட்டும் போடாதேங்கோ. மஸ்ற்றும் வேண்டாம். வில்லோ? வருவன் எண்டோ? வருவன் எண்டு அவளுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்ப சொன்னாலும் நம்பமாட்டாள், நம்பவும் தேவையில்லை. பொறுங்கோ, அமத்தாதேங்கோ, அனுப்பாதேங்கோ. இந்தத் தரிப்புத் தாண்டட்டும். டானியலுக்கு மட்டும் இப்ப போடுங்கோ, மாமா பின்பக்கத்தாலை... இல்லை, பின்பக்கம் எண்டு போடாதேங்கோ. மாமா பஸ்ஸிலை வாறார், நீர் கெதியா வாரும் எண்டு போடுங்கோ. போடும்போது மரியாதையாப் போடுங்கோ, மாப்பிளை எல்லே.

இந்த ரை நேரா இருக்கோ பிள்ளை? கொஞ்சம் பாருங்கோ. பதினெட்டு வருசம் யூனிபோம் ரை, கொளுவுறதுதான், கட்டுறது எனக்கு வராது. ஓம், இழுங்கோ. காணும். பேனை வைச்சிருக்கிறியளோ? அங்கை இருக்கும் எண்டு தெரியும், எண்டாலும் என்ரை கையிலை ஒண்டு இருக்கட்டும். தாறியளோ? பேந்து எப்பிடித் திருப்பித் தாறது? ஆஸ்பத்திரிப் பேர் அட்டையிலை பாத்தனான், கொண்டந்து தருவன். பாத்தியளே, அட்டை பாக்கிறதாலை ஒரு நன்மையும் இருக்கு.

அங்கை, அங்கை, அந்தப் படியிலை நிக்கிறது ஆர்? சிவப்புச் சீலை. ஆரணிதான். தாய் பக்கத்திலை நிக்கிறா. றோட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிறாள் பிள்ளை. கார் வாற பக்கம் பாக்கிறாள், பஸ் வாற பக்கம் பாக்கேல்லை. மணியை அமத்துங்கோ, கெதியா அமத்துங்கோ. ஏன் இந்தச் சாரதி மெதுவாப் போறான்?

இப்ப எழுதுங்கோ. இப்ப எழுதலாம். ஒரு சொல்லுத்தான்.

"வந்திட்டன்."

அனுப்புங்கோ.